என் பைதான்

ரெடி என்று சொல்லிவிட்டேன். வாய் சொன்னது, நான் சொல்லவில்லை. காலையில் நீதிபதி வந்து உட்கார்ந்ததும் பட்டியலை ஒரு ஓட்டு ஓட்டுவார், கோர்ட் ஆபீசர் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார், கூப்பிட்ட நம்பருக்கு யாராவது எழுந்து ரெடி மை லார்ட் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும், பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்வது மாதிரி. சீனியர் வந்துவிட்டாரா, வழக்குக் கட்டு கையில் இருக்கிறதா, வழக்கு தலையில் இருக்கிறதா, அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. ரெடி சொல்லாவிட்டால் வழக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்தால் மறுபடி மேலே வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும், அதனால் இந்தக் கட்டடத்தில் உள்ள ஜூனியர்கள் எல்லோரும் எப்போதும் ரெடிதான். பதினேழாம் நம்பர், செலஸ்டின் மேரியின் அப்பீல், எழுந்தேன், ரெடி என்றேன், உட்கார்ந்தேன், கோட் பாக்கெட்டில் போன் நடுங்கியது. சீனியர். எதிர் வராந்தா கோர்ட்டில் மாட்டிக்கொண்டேன், பாஸ் ஓவர் கேள். கேட்கலாம், வழக்கைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்று கேட்பது ஒன்றும் புதிதல்ல, தினமும் யாராவது கேட்கிறார்கள். ஆனால் இன்றைக்கு இவர் கொடுக்கிற மாதிரி இல்லை. பன்னிரண்டாம் நம்பர்காரர் இப்போதுதான் கேட்டார், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நீதிபதி தலையைத் தூக்காமலே, காலையில் ரெடி சொன்னீர்கள், வாதாடுங்கள் என்றார், அவ்வளவுதான், அந்த மனிதர் மொட்டைமாடியில் துணி பறக்கிறபோது துரத்துகிறவரைப் போலக் காகிதங்களைத் துரத்திக்கொண்டு வாதாடினார், நான்கு நிமிடமோ என்னவோ, தள்ளுபடி. தள்ளுபடி என்று சொல்லும்போது நீதிபதியின் குரலில் கோபம்கூட இல்லை.

பதின்மூன்று ஓடுகிறது. சுவரில் உள்ள பலகையில் சிவப்பு எண், பதின்மூன்று, பக்கத்துக் கட்டத்தில் சீனியர் இருக்கும் கோர்ட்டின் எண், அது அசையவே மாட்டேன் என்கிறது. கழுத்தில் வக்கீல்கள் கட்டுகிற வெள்ளை பேண்ட் இறுக்குகிறது, நேற்று ஹாஸ்டலில் கஞ்சி கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டேன், தாடையை இறக்கினால் ஓரம் குத்துகிறது. உள்ளங்கை வியர்க்கிறது ஆனால் விரல் நுனி சில்லென்று இருக்கிறது, ஒரே கையில் இரண்டு பருவம். பக்கத்தில் இன்னொரு ஜூனியர் அபிநந்தன், அவன் அப்பா வக்கீல், தாத்தா வக்கீல், அவன் வீட்டுப் பூனை கூட ஆட்சேபம் தெரிவித்துவிட்டுத்தான் பால் குடிக்கும் போல, "என்ன சுகிர்தா, ஏசி ஓடுது, உனக்கு வேர்க்குது" என்கிறான். "சார் வரல" என்கிறேன். "வரலையா?" அவன் உதட்டை இழுக்கிறான், பாவம் பார்க்கிறானா ரசிக்கிறானா தெரியவில்லை, "எழுந்து நின்னு தலை சுத்துதுன்னு விழுந்துடு. லேடீஸ்னா தண்ணி குடுத்து அனுப்பிடுவாங்க." நீ விழு, உனக்கும் தண்ணி கொடுப்பார்கள் என்கிறேன். சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரித்ததும் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது, பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை, இன்னொன்று அதன் கூடவே ஓடுகிறது, பஸ்ஸைத் துரத்திப் பிடித்துப் படியில் கால் வைக்கிற அந்த நொடி மாதிரி, விழுந்துவிடுவோம் என்றும் பிடித்துவிட்டோம் என்றும் ஒரே சமயத்தில் தோன்றுமே, அது. இது எப்போது வந்தது. பாஸ் ஓவர் கேள் என்பதைப் படித்தபோதே வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது. ஒருத்தி சிறையில் இருக்கிறாள், பத்து வருடத் தண்டனை, அதில் பாதிகூட முடியவில்லை, எனக்கு இங்கே படியில் தொற்றுகிற சந்தோஷம்.

கடைசி பெஞ்சில் செலஸ்டின் மேரியின் கூடப்பிறந்த அக்கா பிலோமி உட்கார்ந்திருக்கிறாள், திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, அவள் பார்வை என் கழுத்துக்குப் பின்னால் ஒரு கை வைத்த மாதிரி இருக்கிறது. காலையில் வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "பெரிய வக்கீல் எங்க?" வருவார் அக்கா. "வரலன்னா?" வருவார். "வரலன்னா நீ பேசு. உனக்கு வாய் இல்லியா?" ராயபுரத்தில் மீன் விற்கிறவள், யாரைப் பார்த்தாலும் வாய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். இங்கே இங்கிலீஷில் பேச வேண்டும் அக்கா என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. என் இங்கிலீஷ் எழுத்தில் ஓடும், நின்று பேசினால் நொண்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குள் கால் வைத்தது நான்தான், சட்டக் கல்லூரியில் முதல் வருடம் முழுக்க ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் அதை மனதில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன், சொல்லிப் பார்ப்பதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பதினான்கு. பதினான்காம் நம்பர் வக்கீல்கள் இருவரும் ஏதோ சமாதானத்துக்கு வந்துவிட்டார்களாம், போச்சு, பதினைந்து. இவ்வளவு வேகமாகவா. சீனியரின் கோர்ட் எண் அசையவில்லை.

கட்டைப் பிரிக்கிறேன். மேலே சீனியரின் குறிப்பு, பச்சை மையில், அவர் எழுத்து மட்டும் எப்போதும் நிமிர்ந்து நிற்கும். முதல் வாதம், அந்தப் பை தன்னுடையது என்று நம் கட்சிக்காரர் சொல்லவே இல்லை, அது அதிகாரிகள் பிற்பாடு எழுதிக்கொண்டது. இரண்டாம் வாதம், முதல் வாதத்தின் தம்பி. மூன்றாவது, அவர்களுடைய சித்தப்பா பிள்ளை. எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் நிற்கின்றன, அவள் சொல்லவில்லை என்ற இடத்தில். ஏனென்றால் வழக்கே அந்த இடத்தில்தான் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து வந்த விமானம், செலஸ்டின் அக்கா ஒரு குருவி, அதாவது இங்கிருந்து புடவையும் அங்கிருந்து வாட்ச், சென்ட் பாட்டில், கரண்ட் சாமான்களும் அடுத்தவர்களுக்காகத் தூக்கிக்கொண்டு பறக்கிற கூட்டத்தில் ஒருத்தி, டிக்கெட் சரக்குக்காரர் போடுவார், பையையும் அவரே அடுக்கிக் கொடுப்பார், கூலி தனி. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி நிறுத்தினார். யார் பை என்றார். என் பைதான் என்றாள். யார் அடுக்கியது என்றார். நான்தான் அடுக்கினேன் என்றாள். அதற்குப் பிறகு பையைத் திறந்தார்கள், மேலே துணி, பிஸ்கட், குழந்தைகள் பவுடர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடியில் இருந்த கெட்டி அட்டையைக் கிளப்பினால் அதன் கீழே தட்டையாகப் போதைப் பொருள். கீழ்க்கோர்ட் தீர்ப்பில் அந்த வரியை எனக்கு மனப்பாடமாகவே தெரியும், தானே அடுக்கியதாகச் சொன்னவருக்கு உள்ளே இருந்தது தெரியாது என்பதை நம்ப இயலவில்லை. இந்தப் போதைப் பொருள் சட்டத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், தெரியாது என்று காட்டுவது அவள் பாடு. அந்தச் சரக்குக்காரனோ கிடைக்கவே இல்லை. அதனால் சீனியர் அந்த வார்த்தையையே வெட்டிப் போடப் பார்க்கிறார். அவள் சொல்லவில்லை. நான்கு சொற்களை இல்லையென்று ஆக்கிவிட்டால் பத்து வருடம் கரைந்துவிடும். நல்ல வாதம்தான். ஒரே ஒரு குறை, அவள் சொன்னாள்.

போன மாதம் புழல் சிறையில், வக்கீல்களுக்கான அறையில், மின்விசிறி சத்தத்தில் அவள் முன்னால் சாய்ந்து சொன்னாள். "உங்க சீனியர் எழுதினத உள்ள ஒரு படிச்ச பொண்ணு படிச்சு சொல்லுச்சு. நான் சொல்லவே இல்லன்னு போட்டுக்கீறாரு. நான் சொன்னேன் வக்கீலம்மா." மெதுவாப் பேசுங்கக்கா என்றேன். "மெதுவா பேசினா மட்டும் இல்லன்னு ஆயிடுமா?" ஏன் சொன்னீங்க என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, இதுகூடத் தெரியாமல் என்ன படித்தாய் என்கிற மாதிரி. "பின்ன இன்னா சொல்றது? யார் பைன்னா என் பை. யார் அடுக்கினதுன்னா நான்தான். அடுத்தவன் பைன்னு சொல்லிப் பாரு, வியாபார சரக்குன்னு மொத்தத்துக்கும் வரி போட்டுத் தீட்டிடுவான். மொத தடவ போறப்பவே சொல்லிக் குடுத்துடுவாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எனக்கு அதான் வரும். கேட்டா அதைத்தான் சொல்வோம்." அன்றைக்குக் கேட்டபோது பயமாக இல்லையா என்றேன். "எதுக்கு பயம்? பசி. வெளிய வந்து நாலு இட்லி துன்னணும்னு இருந்துச்சு. சுருக்கா சொன்னா சுருக்கா உடுவாங்க." பிறகு கொஞ்ச நேரம் விரலில் மோதிரம் இருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொய் சொல்லித்தான் உள்ள வந்தேன். இன்னொரு பொய் சொல்லித்தான் வெளிய போவணுமா? உள்ளத சொல்லு. அப்பவும் உள்ளதான் இருக்கணும்னா இருந்துக்கறேன்." இட்லி. நான் அதற்கப்புறம் இட்லி சாப்பிடும்போதெல்லாம் அந்த வரிசையைப் பார்க்கிறேன், தள்ளுவண்டி, பைகள், பசியோடு நிற்கும் பெண், கேள்வி காதில் விழுவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிற பதில்.

சீனியரிடம் சொன்னேன். தெய்வநாயகம் சார் நல்லவர், யார் சிபாரிசும் இல்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டவர், மதியம் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஒரே சீனியர் இந்தக் கட்டடத்தில் அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், பிறகு, "அம்மாடி, சொன்னேன்னு நாமளே ஒத்துக்கிட்டா அப்புறம் நிக்கறதுக்கு இடம் எங்க இருக்கு? கடப்பாரைய எடுத்து நம்ம திண்டையே நாம இடிக்கறதா? அவ ஆயிரம் சொல்லுவா, உள்ள இருக்கறவங்களுக்கு மனசு இளகிடும். மனுவுல இருக்கறத மட்டும் பேசுவோம்." சரி சார் என்றேன். அதுவும் அப்படி வந்ததுதான், சரி சார், யோசிக்காமல். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஒத்துக்கொண்டு தோற்றால், அதற்குப் பிறகு மேலே டெல்லிக்குப் போனாலும் அந்த ஒப்புதல் கூடவே வரும், வாலில் கட்டிய டப்பா மாதிரி. சீனியர் தோற்றால் வழக்கு தோற்றது என்பார்கள். நான் தோற்றால், ஒரு ஜூனியர் கெடுத்துவிட்டாள். பிலோமி அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் மோசம், அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், செலஸ்டின் அக்கா மீதி வருடங்களை அப்படியே இருந்து கழிப்பாள், நான் வேறு வழக்குகளுக்கு ரெடி சொல்லிக்கொண்டிருப்பேன். பேசாமல் பச்சை மையை வாசித்துவிடலாம். வாசித்தால் அது என் பொய் இல்லை, சீனியரின் வாதம், நான் வெறும் குரல். இல்லை. வக்காலத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே, சின்னதாக, ஆனால் இருக்கிறது.

பதினைந்து முடியவில்லை, யாரோ ஒரு தேதியைத் தேடுகிறார்கள், தேடட்டும், தேடிக்கொண்டே இருக்கட்டும். போன் மறுபடி நடுங்குகிறது, சீனியரா, இல்லை, அம்மா. சாப்டியா என்று எழுத்தில். அம்மாவுக்கு இப்போதுதான் எழுத்தில் கேட்க வந்திருக்கிறது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் டீ இடைவேளை, மிஷினை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அனுப்பியிருப்பாள். சாப்ட்டேன்மா என்று மேசைக்கடியில் தட்டி அனுப்பிவிட்டேன். சாப்பிடவில்லை. காலையில் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஏன் சாப்பிட்டேன் என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லையே, அவளை ஏமாற்றி எனக்கு என்ன வரப்போகிறது. கேட்டாள், விரல் சொல்லிவிட்டது. அவளும்தான், சாயங்காலம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பையைத் தடவிக்கொண்டே பையில என்னம்மா என்பார், அவள் ஒண்ணுமில்லண்ணா என்பாள். ஒன்றுமில்லையா. டிபன் பாக்ஸ் இருக்கும், குடை, பிரஷர் மாத்திரை, எனக்கு வாங்கிய ரப்பர் பேண்ட், அடியில் என் பத்தாம் வகுப்பு போட்டோ, அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவும் வைத்துக்கொண்டு ஒண்ணுமில்லண்ணா. நான் சின்னப் பிள்ளையாக அவளை அழைத்துவர நிற்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும், இவ்வளவு வைத்துக்கொண்டு எப்படிச் சொல்கிறாள் என்று. அவருக்கும் தெரியும், டிபன் பாக்ஸ் கையில் தட்டும், ஆனாலும் போம்மா என்பார். வாசலில் சொல்கிற பதில் கேள்விக்குப் பதில் இல்லை, அது வாசலுக்குப் பதில். கடந்து போவதற்காகச் சொல்வது. நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று எழுந்து நிற்கிறது. இது எங்கேயோ போகிறது, இரு, இதை விட்டுவிடாதே, வாசலுக்குப் பதில், வாசலுக்குப் பதில், இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது. அபிநந்தன் முழங்கையால் இடிக்கிறான். பதினாறு வாபஸ். "போ, மச்சி." பதினேழு.

எழுகிறேன். கால் எழுந்துவிட்டது, நான் பின்னாலேயே எழுகிறேன். எதிரில் அரசுத் தரப்பு வக்கீல் மீனாட்சிசுந்தரம் சார், வெள்ளை முடி, வாயில் எப்போதும் ஏலக்காய், இந்த மாதிரி வழக்குகளில் தலை நரைத்தவர், என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைக்கிறார், சின்னப் பெண்ணைப் பரீட்சை ஹாலுக்குள் அனுப்புகிற மாதிரி. மை லார்ட், மை சீனியர் என்று ஆரம்பிக்கிறேன், இங்கிலீஷ் அங்கேயே நொண்டிவிட்டது. நீதிபதி நிமிர்கிறார். "தமிழிலேயே சொல்லுங்கம்மா." தமிழிலேயே. "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் மை லார்ட், பாஸ் ஓவர் வேண்டும்." "காலையில் ரெடி சொன்னது நீங்கள்தானே?" "ஆமாம் மை லார்ட்." "அப்போது ரெடி இல்லையா?" இங்கே ஒரு பதில் இருக்கிறது, எல்லோரும் சொல்கிற பதில், அப்போது ரெடியாகத்தான் இருந்தோம், இடையில் சீனியர் அழைக்கப்பட்டுவிட்டார், அது நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது. "இல்லை மை லார்ட்" என்கிறேன். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார், முதல் தடவையாக இன்றைக்கு. "இல்லையென்றால் ஏன் சொன்னீர்கள்?" "பழக்கம் மை லார்ட். கேட்டால் அதைத்தான் சொல்வோம்."

சொன்னதும் எனக்கே கேட்டது. என் குரலில் இல்லை, மின்விசிறி சத்தத்தின் நடுவே செலஸ்டின் அக்காவின் ராயபுரத்துக் குரலில், கேட்டா அதைத்தான் சொல்வோம். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஏதோ ஓடுகிறது, மின்சாரம் என்பார்கள், இல்லை, தண்ணீர், குழாயில் ராத்திரியெல்லாம் வராமல் இருந்து காலையில் முதலில் வரும் தண்ணீர், காற்றும் சத்தமுமாக. பச்சை மைக் குறிப்பைத் திருப்பிக் கவிழ்த்து வைக்கிறேன். மன்னித்துவிடுங்கள் சார். "மை லார்ட், என் கட்சிக்காரரும் இதைத்தான் செய்தார்." நீதிபதி மனுவைப் புரட்டுகிறார். புரட்டுவது நல்லதா கெட்டதா. "விமான நிலையத்தில் கேட்டார்கள். என் பைதான் என்றார். நான் ரெடி சொன்ன மாதிரி." "உங்கள் மனுவில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று இருக்கிறதே." "அந்த வாதத்தை நான் வைக்கவில்லை மை லார்ட். அவர் சொன்னார். அதை இங்கே சொல்லும்படி அவரே என்னைக் கேட்டுக்கொண்டார்." பக்கத்தில் அபிநந்தன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது கேட்கிறது. மீனாட்சிசுந்தரம் சாரின் தாடை நின்றுவிட்டது, ஏலக்காய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. திண்டை இடித்துவிட்டேன், இனி நிற்க இடம் இல்லை, ஆனால் நிற்கிறேன். "சொன்னார் என்று ஒத்துக்கொண்டால் மிச்சம் என்னம்மா இருக்கிறது?" "எப்போது சொன்னார் என்பது இருக்கிறது மை லார்ட். பையைத் திறப்பதற்கு முன்னால். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் பையை விட்டுத் தள்ளி நிற்கத்தான் பார்ப்பார். யாரோ கொடுத்தது என்பார். இவர் அதைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அடுத்தவர் சரக்கு என்றால் வரி போடுவார்கள் என்று குருவிகளுக்கு முதல் பயணத்திலேயே சொல்லிக்கொடுப்பது அது. இவருக்கு அன்றைக்குத் தெரிந்த ஆபத்து வரி மட்டும்தான். அதிலிருந்து தப்பிக்கிற பதிலைச் சொன்னார்."

"கெட்டிக்காரியாக இருந்தாலும் தைரியமாக என் பை என்றுதானே சொல்வாள்?" என்கிறார் நீதிபதி. இதற்குப் பதில் இருக்கிற மாதிரி பேசலாம், அபிநந்தன் பேசுவான், மூன்று தீர்ப்புகளைச் சொல்லி மூச்சு முட்ட வைப்பான். "இருக்கலாம் மை லார்ட்" என்கிறேன். "அப்படியும் இருக்கலாம்." சொல்லிவிட்டேன், போச்சு, போச்சா, இல்லை, வாய் இன்னும் நிற்கவில்லை, "ஆனால் அதே விமானத்தில் வந்த குருவிகள் எல்லோரையும் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தையை வைத்து ஒருத்தி மனதில் என்ன இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் சொல்கிற பதில் அது. கடந்து போவதற்காகச் சொல்வது. அன்றைக்கு அவருக்குப் பசி மை லார்ட்." பசி என்று ஏன் சொன்னேன். சட்டப் புத்தகத்தில் பசி எந்தப் பிரிவில் இருக்கிறது. காது எரிகிறது. ஆனால் நீதிபதி என்னைப் பார்க்கவில்லை, எதிர்ப் பக்கம் திரும்பிவிட்டார். "இவ்வளவு வருஷமாக இந்த வழக்குகள் பார்க்கிறீர்கள். குருவிகள் அப்படித்தான் சொல்வார்களா?" மீனாட்சிசுந்தரம் சார் எழுகிறார். முழங்கால் வலி போல, மேசையில் கை ஊன்றி எழுகிறார், எவ்வளவு நேரம் ஒரு மனிதர் எழுவார். தெரியாது மை லார்ட், அது பதிவில் இல்லை என்று சொன்னால் போதும் அவருக்கு. சொல்லிவிடலாம், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். அவர் என்னைப் பார்க்கிறார், நீதிபதியைப் பார்க்கிறார், சிரிப்பு மாதிரி ஒன்று மீசைக்குக் கீழே போகிறது. "மறுக்க முடியாது மை லார்ட். அடுத்தவன் பை என்று சொன்ன குருவியை நான் இதுவரை பார்த்ததில்லை." "அந்த ஒரு வார்த்தையைத் தவிர, இவருக்குத் தெரியும் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது? போன் பேச்சு, பழைய வழக்கு?" "இல்லை மை லார்ட். பையும் அந்த வார்த்தையும்தான். சட்டத்தின் அனுமானம் இருக்கிறது." "இருக்கிறது. அதற்கு இவர் பதில் சொல்லிவிட்டாரா என்பதுதான் கேள்வி."

நீதிபதி ஸ்டெனோகிராபர் பக்கம் தலையைச் சாய்க்கிறார். இங்கிலீஷில் ஆரம்பிக்கிறார், தாழ்ந்த குரலில், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வார்த்தையும் தெரியாத வார்த்தையாகிவிட்டது, தள்ளுபடி தீர்ப்பும் இப்படித்தான் ஆரம்பிக்கும், வழக்கின் சுருக்கம், கீழ்க்கோர்ட் என்ன சொன்னது, எல்லாம் ஒரே தாளத்தில், எங்கே திரும்பப் போகிறது, திரும்புமா. பெருமை சேர்க்கும் நேர்மையோடு என்கிற மாதிரி ஏதோ வந்தது, அது மீனாட்சிசுந்தரம் சாரைப் பற்றி, ஒரு வாசலில் உடனே வருகிற பதில் என்று ஏதோ வந்தது, அது நான், என் வார்த்தை, என் அம்மாவின் கேட், ஷூ கம்பெனி செக்யூரிட்டியின் கை டிபன் பாக்ஸில் தட்டுகிறது, அது இப்போது உயர் நீதிமன்றத்துத் தீர்ப்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது. கையில் கட்டின் நாடா, அதை விரலில் சுற்றி அவிழ்த்துச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன், நுனி நீலமாகிவிட்டது. இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டாயே, அதையும் சொல்கிறாரா, சொல்கிறார், அப்படியும் இருக்கலாம் என்பதை மறுக்காமலே, தெரியாதிருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதிகம் என்றுதானே சொன்னார். பிறகு தாளம் மாறுகிறது, வாக்கியங்கள் குட்டையாகின்றன, பிறகு கோர்ட் ஆபீசர் பதினெட்டைக் கூப்பிடுகிறார். நான் நிற்கிறேன். ஏலக்காய் வாசனை பக்கத்தில் வருகிறது. "உட்காரும்மா. முடிஞ்சுது." "என்ன ஆச்சு சார்?" "கேக்கலையா?" அவர் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே, "தண்டனை ரத்து. நான் தோத்துட்டேன், நீ நிக்கற. உக்காரு" என்கிறார், உள்ளங்கையில் ஒரு ஏலக்காயை வைத்துவிட்டுப் போகிறார்.

வராந்தாவில் வெயில் வெள்ளையாக அடிக்கிறது. போனில் சீனியர், முடிந்துவிட்டது வருகிறேன், பாஸ் ஓவர் கிடைத்ததா. கிடைக்கவில்லை சார் என்று தட்டுகிறேன், அடுத்த வரி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிலோமி அக்கா முன்னால் வந்து நிற்கிறாள், முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள், அடிக்கவோ கட்டிக்கொள்ளவோ எதற்கும் தயாராக. "இன்னா சொன்னாரு?" "விட்டுட்டாங்கக்கா." அவள் அழவில்லை. என் முகத்தை ஒரு மீனைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்க்கிறாள், புதுசா பழசா என்று. "நெசமாவா, சும்மா சொல்றியா?" நெசமாக. நான் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், நெசமாக. "நீதான பேசின. பெரிய வக்கீல் வரல." வரல அக்கா. "அப்ப வாய் கீது உனக்கு." சிரிக்கிறாள், இப்போதுதான் கண் கலங்குகிறது அவளுக்கு, எனக்கு ஏற்கனவே கலங்கிவிட்டது, ஆனால் மனம் இங்கே இல்லை, அது ஓடுகிறது, உத்தரவு டைப் ஆக வேண்டும், கையெழுத்தாக வேண்டும், சிறைக்குப் போக வேண்டும், நானே எடுத்துக்கொண்டு போவேன், அங்கே சின்னக் கதவு திறக்கும், செலஸ்டின் அக்கா வெளியே வருவதற்கு முன்னால் உள்ளே யாராவது ஒருவர் அவளுடைய சாமான்களை ஒரு பையில் போட்டு மேசைமேல் வைப்பார்கள், புடவை, மோதிரம், ஜெபமாலை, வைத்துவிட்டுக் கேட்பார்கள், உன் பைதானே. அவளுக்குப் பசியாக இருக்கும், நாலு இட்லி ஞாபகம் வரும், சுருக்காகச் சொன்னால் சுருக்காக விடுவார்கள். அதற்குள் நான் அங்கே போய் நிற்க வேண்டும். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தாவது சத்தமாகச் சொல்ல வேண்டும், அக்கா, அவசரப்படாத, மொதல்ல பையைத் திறந்து பாரு. அடி அட்டையைத் தூக்கிப் பாரு. பார்த்துட்டு அப்புறம் சொல்லு.